அகதா கிறிஸ்டி வேறு பெயரில் எழுதிய ஆறு நாவல்கள்: கேள்வி பதில்

துப்பறியும் கதைகளுக்குப் பேர்போன ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1930லிருந்து 1956 வரை 'மேரி வெஸ்ட்மகாட்' என்ற பெயரில் ஆறு நாவல்கள் எழுதினார். எதிலும் அவருடைய பொய்ரோ, மிஸ் மார்ப்பிள் மாதிரித் துப்பறிபவர் கிடையாது, குற்றவாளி யார் என்று தேடுவதும் கிடையாது. நான் இவற்றைப் பல வருடமாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன், அதனால் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். முக்கியமான முடிவுகள் எதையும் உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: பொய்ரோ கதைகள் ஒன்று விடாமல் படித்தவன் நான். பொய்ரோவும் இல்லை, மிஸ் மார்ப்பிளும் இல்லை என்றால் கிறிஸ்டியிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

பொய்ரோ கதையில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்ணெதிரே வைத்த ஒரு விஷயத்தைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் 'அடடா, அப்பவே சொல்லிவிட்டாரே' என்று தலையில் கை வைப்போமே, அதுதானே? அது இங்கேயும் அப்படியே இருக்கிறது. 'ஆப்சென்ட் இன் த ஸ்ப்ரிங்' நாவலில் ஜோன் ஸ்கூடமோர் லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறாள், கணவன் ராட்னி வழியனுப்ப வந்திருக்கிறான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். வண்டி கிளம்புவதற்குள் அவன் திரும்பிப் பிளாட்பாரத்தில் நடந்து போய்க்கொண்டிருக்கிறான். தோளை நிமிர்த்திக்கொண்டு, வயது குறைந்தவன் மாதிரி, லீவு விட்ட பையன் மாதிரி. அவ்வளவுதான் காட்சி. அந்த நடைக்கு என்ன அர்த்தம் என்பதுதான் மொத்த நாவலும். ஜோன் அதைக் கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ள மறுத்தவள். ஒருத்தி தன்னிடமிருந்தே மறைத்து வைத்த உண்மையைத் தானே கண்டுபிடிப்பதும் துப்பறிதல்தான், இதில் தடயங்கள் எல்லாம் அவளுடைய ஞாபகங்கள், அதுதான் வித்தியாசம்.

கேள்வி: அந்த நாவலைப் பாதியில் வைத்துவிட்டேன். ஒரு பெண் பாலைவனத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறாள், எதுவும் நடக்கவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, நிறையப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பது முக்கியம். பாக்தாதில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஜோன், மழையால் ரயில் வராமல், துருக்கி எல்லைப் பக்கத்தில் ஒரு ஓய்வு விடுதியில் மாட்டிக்கொள்கிறாள். சுற்றிலும் மணல். கொஞ்சம் கோழிகள், காலி டப்பாக் குவியல், வேளாவேளைக்கு 'மேம்சாப்' என்று கூப்பிட்டுச் சாப்பாடு வைக்கும் ஒரு இந்தியர். கையோடு கொண்டு வந்த இரண்டு புத்தகமும் முடிந்துவிடுகிறது, கடிதம் எழுதும் தாளும் தீர்ந்துவிடுகிறது. அதற்கு முன்னால் வழியில் பார்த்த பழைய பள்ளித்தோழி ஒருத்தி, 'நாள் கணக்கில் உன்னைப் பற்றி மட்டுமே யோசிக்க வேண்டி வந்தால் உன்னைப் பற்றி என்ன கண்டுபிடிப்பாயோ' என்ற மாதிரி சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அந்த வார்த்தை பலிக்க ஆரம்பிக்கும் இடம் வரை பொறுத்துப் படியுங்கள். முதல் சில அத்தியாயங்களில் ஜோன் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது நல்ல மனைவி, நல்ல அம்மா என்றுதான் நாமும் நம்புவோம். அதே சம்பவங்கள் இரண்டாம் தடவை அவளுக்கு ஞாபகம் வரும்போது வேறு மாதிரி தெரியும். நீங்கள் நிறுத்தியது அந்த இரண்டாம் தடவை வருவதற்கு முன்னால் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: அதை மூன்றே நாளில் எழுதினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலக யுத்த காலம், லண்டனில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயம் எழுதியதும் நடுவில் எதையும் தொடாமல் நேரே கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டார். போய்ச் சேரும் இடம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் வேலைக்குப் போக வேண்டிய நாள், வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். விட்டால் போய்விடும் என்ற பயம். முடித்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். தன்னை முழுத் திருப்திப்படுத்திய ஒரே புத்தகம் இதுதான் என்று எழுதியிருக்கிறார், அதுவும் அறுபத்தாறு துப்பறியும் நாவல் எழுதியவர். பல வருடம் மனதில் ஊறியதைத்தான் மூன்று நாளில் இறக்கி வைத்தார், அவசர வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஏன் பெயரை மறைத்தார்? அவர் பெயர் போட்டிருந்தால் இன்னும் விற்றிருக்குமே?

விற்றிருக்கும். ஆனால் கிறிஸ்டி என்ற பெயரைப் பார்த்து வாங்குபவர் முப்பதாம் பக்கத்தில் பிணத்தைத் தேடுவார், கிடைக்கவில்லை என்றால் ஏமாந்தேன் என்பார். அது ஒரு காரணம். இன்னொன்று, என் கணிப்பில் பெரியது, சொந்த விஷயங்களைச் சுதந்திரமாக எழுத ஒரு மறைவு வேண்டியிருந்தது. மேரி அவருடைய இரண்டாவது பெயர், வெஸ்ட்மகாட் தூரத்து உறவினர்களின் பெயர். ஏறக்குறைய இருபது வருடம் ரகசியம் காப்பாற்றப்பட்டது. 1949ல் லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகையில் போட்டு உடைத்துவிட்டார்கள். தெரிந்தவர்களும் நண்பர்களும் இனி அறிந்தே படிப்பார்கள் என்பதுதான் அவருக்கு அதிக வருத்தம். அதற்கப்புறம் இரண்டே நாவல்தான் இந்தப் பெயரில் வந்தது. அவருடைய வழக்கமான பதிப்பாளருக்கும் இந்தப் புத்தகங்கள் மேல் பெரிய ஆசை இல்லை, 1948லிருந்து இவை வேறு பதிப்பகத்துக்குப் போய்விட்டன.

கேள்வி: 'அன்ஃபினிஷ்ட் போர்ட்ரெய்ட்' அவருடைய சொந்தக் கதைதான், அதைப் படித்தால் அந்தப் பதினோரு நாள் மர்மம் விளங்கிவிடும் என்று நண்பர் சொல்கிறார். அப்படியா?

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1926 டிசம்பரில் கிறிஸ்டி வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினோரு நாள் காணாமல் போனார். நாடே தேடியது. ஹாரோகேட் ஊரில் ஒரு ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தார், கணவர் ஆர்ச்சி யாரை விரும்பினாரோ அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரையே போட்டு. அதே வருடம்தான் அம்மாவும் இறந்திருந்தார்.

1934ல் வந்த இந்த நாவலின் சீலியாவுக்கும் இப்படித்தான். அன்பான அம்மா போய்விடுகிறாள், கணவன் டெர்மட் வேறொருத்தியைத் தேடிப் போகிறான். சீலியா குழந்தையாக இருக்கும்போது கனவில் ஒரு துப்பாக்கிக்காரன் வருவான். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள், திடீரென்று அம்மா முகத்தில் அவன் கண்கள் தெரியும். இந்தக் கனவு கிறிஸ்டிக்கே சின்ன வயதில் வந்தது, சுயசரிதையிலும் இருக்கிறது. பிற்பாடு சீலியா புருஷன் முகத்தைப் பார்த்து அந்தத் துப்பாக்கிக்காரனை நினைத்துக்கொள்ளும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. நன்றாகத் தெரிந்த முகம் ஒரே நாளில் அந்நியமாகிப் போவதை இதைவிட யாரும் எளிமையாகச் சொல்லி நான் படித்ததில்லை. இரண்டாவது கணவர் மேக்ஸ் மல்லோவனும், அகதாவின் உருவம் வேறெதையும்விட சீலியாவில்தான் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வது போலச் சாவி எதுவும் இதில் இல்லை. எங்கே போனார், எதற்குப் போனார் என்று தேடினால் கிடைக்காது. சுயசரிதையிலும் அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த நிலைமைக்கு ஒரு மனசு எப்படி வந்து சேர்ந்தது என்பது இந்த நாவலில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

கேள்வி: 'எ டாட்டர்ஸ் எ டாட்டர்' படித்துவிட்டு என் அம்மாவிடம் இரண்டு நாள் சரியாகப் பேச முடியவில்லை. இவ்வளவு கொடூரமாக எழுத வேண்டுமா?

உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆன் ப்ரென்டிஸ் விதவை. பத்தொன்பது வயது மகள் சாரா வெளிநாடு போயிருக்கும்போது ரிச்சர்ட் என்ற நல்ல மனிதரைச் சந்தித்துக் கல்யாணம் செய்ய முடிவெடுக்கிறாள். மகள் திரும்பி வருகிறாள், அந்த ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை, வீட்டில் தினம் சண்டை. கடைசியில் அம்மா மகளுக்காக விட்டுக்கொடுக்கிறாள். வேறு கதையாக இருந்தால் இங்கே அம்மாவைக் கும்பிட்டு முடித்திருப்பார்கள். கிறிஸ்டி இங்கேதான் கதையை ஆரம்பிக்கிறார். விட்டுக்கொடுத்த அன்றைக்கே தியாகம் முடிந்துவிடுவதில்லை, அதற்கப்புறம் அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ வேண்டும். ஆன் அதைச் செய்ய முடியாமல் உள்ளுக்குள் மகளை வெறுக்க ஆரம்பிக்கிறாள், வெறுப்பது அவளுக்கே தெரியாது. சாரா தப்பான ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம், 'உன் இஷ்டம்' என்று விட்டுவிடுகிறாள். அந்த இடம் கொடூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேரையும் கடைசியில் எதிரெதிரே நிறுத்தி மனதில் இருப்பதைக் கொட்ட வைக்கிறாரே, அதைப் படித்த பிறகு ஆனை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. முதலில் இதை நாடகமாகத்தான் எழுதினார், அதனால்தான் அந்தச் சண்டையில் வசனங்கள் அப்படி வெட்டுகின்றன. அம்மாவுக்கும் படிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: 'த ரோஸ் அண்ட் த யூ ட்ரீ'யில் இஸபெல்லா ஏன் கேப்ரியல் மாதிரி ஆளிடம் போகிறாள்? நம்பவே முடியவில்லை.

விபத்தில் கால் முடங்கிப் படுத்திருக்கும் ஹியூ சொல்கிற கதை அது. 1945 தேர்தல், கார்ன்வால் பக்கம் ஒரு சின்ன ஊர், பதவிக்காக எதையும் பேசக்கூடிய வேட்பாளர் ஜான் கேப்ரியல். ஹியூவுக்கும் உங்களைப் போலத்தான் புரியவில்லை. கதாநாயகி இஸபெல்லா விளக்கம் சொல்லும் ஜாதி இல்லை, அவள் பேசுவதே குறைவு. நமக்குக் கிடைப்பது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் ஊகம் மட்டும், அந்த ஊகம் எவ்வளவு தப்பு என்பதுதான் நாவல். தேர்தல் காட்சிகளுக்காகவே ஒரு தடவை படிக்கலாம்.

கேள்வி: 'ஜயன்ட்ஸ் பிரெட்' எப்படி?

முதல் நாவல், 1930. பியானோவைப் பூதமாக நினைத்துப் பயப்படும் பையன் பெரிய இசையமைப்பாளனாகிறான். குழந்தைப் பருவப் பகுதி அருமை. கிறிஸ்டியே பாரிசில் பியானோவும் பாட்டும் கற்றவர், மேடைப் பயத்தால் பியானோ போயிற்று, ஓபராவுக்குக் குரல் போதவில்லை, அந்த ஏக்கமெல்லாம் இதில் இருக்கிறது. நீளம்தான் தாங்கவில்லை. நூறு பக்கம் குறைத்திருக்கலாம்.

கேள்வி: ஆறிலும் சுமார் எது?

'த பர்டன்', 1956. தங்கை மேல் பொறாமைப்பட்ட அக்கா ஒரு இரவில் மாறி, பின்னால் தங்கையை அன்பாலேயே நெரிக்கிறாள். முதல் பாதி பிரமாதம். ஒரு மதப் பிரசங்கியைக் கொண்டு வந்ததும் கதை கையை விட்டுப் போய்விடுகிறது.

கேள்வி: இவை காதல் நாவல்கள்தானே? அட்டையில் ரோஜாப்பூ, கட்டிப்பிடித்த ஜோடி என்றுதான் பார்த்திருக்கிறேன்.

அட்டை செய்த அநியாயம் அது. இவற்றைக் காதல் கதை என்பது நியாயமில்லை என்று கிறிஸ்டியின் மகள் ராசலிண்டே எழுதியிருக்கிறார். காதல் வருகிறது, ஆனால் பெரும்பாலும் மற்றவரைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வெறியாக வருகிறது.

கேள்வி: ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது. எது?

'ஆப்சென்ட் இன் த ஸ்ப்ரிங்'. சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விக்டோரியா ஸ்டேஷன் காட்சி வரும் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள், முடித்ததும் திருப்பிப் பார்க்கத் தோன்றும்.