படம் வரைகிறவர் கல்லாவைப் பார்ப்பாரா?

அன்புள்ள ஐயா,

கொடைக்கானலில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறேன். மேனேஜர் வேலைக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த இளைஞர். மற்றவர் ஐம்பதைத் தாண்டியவர். ஊட்டியிலும் மூணாறிலும் பல வருடம் விடுதிகளில் இருந்தவர். பேச்சுவாக்கில், வாட்டர்கலர் வரைவேன் என்றார். எனக்கு இவரைத்தான் பிடித்திருக்கிறது. என் மாமாவோ, "கலைன்னு அலையறவனுக்குக் கல்லாவுல புத்தி நிக்காது. இந்த வயசுல வர்றவன் நீ சொல்றதையும் கேக்க மாட்டான்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கொடைக்கானல்

அன்புள்ள எஸ்.,

சூரியனை ஆராயும் உங்கள் ஊர் அப்சர்வேட்டரிக்கு 1907இல் உதவி இயக்குநராக வந்த ஜான் எவர்ஷெட் அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். அதுவரை லண்டனில் ஒரு கம்பெனியில் ரசாயனப் பரிசோதனை வேலை. சூரியனைப் பார்த்ததெல்லாம் சொந்த நேரத்தில், வீட்டில் தானே அமைத்த கருவிகளில். இரண்டே வருடத்தில், 1909இல், சூரியக் கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கொடைக்கானலிலிருந்து கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

இதைச் சொன்னால் உங்கள் மாமா மடக்குவார்: "பொழுதுபோக்கே உத்தியோகமாயிடுச்சு, அது வேற கதை." நியாயம்தான். அதனால் கொஞ்சம் கீழே இறங்கி வருவோம்.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பல்ப்பர் மிஷினை, அதாவது காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மிஷினை, பார்த்துக்கொள்ளும் ஒருவரை எனக்குத் தெரியும். அறுபதை நெருங்குகிறார். ராத்திரியில் பழைய ஆர்மோனியங்களைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்வார். உள்ளே காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளைத் தகடான ரீடின் நுனியை அரத்தால் லேசாக ராவினால் சுருதி ஏறும், அடியில் ராவினால் இறங்கும். கை ஓர் இழை கூடுதலாகப் போனால் ரீட் வீண். மூச்சைப் பிடித்துக்கொண்டு ராவுவார், ஊதிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், மறுபடி ராவுவார். பகலில் மிஷின் ஓடும்போது தூரத்தில் டீ குடித்துக்கொண்டே, சத்தத்தை மட்டும் கேட்டு, "இடைவெளி விட்டுப்போச்சு, நிறுத்து" என்று குரல் கொடுப்பார். மிஷினுக்குள் பழம் நுழைந்து போகும் இடைவெளி குறைந்தால் கொட்டை வெட்டுப்படும், கூடினால் பழம் தோல் உரியாமல் அப்படியே வந்துவிடும். பறித்த பழத்தை அன்றைக்கே ஓட்டியாக வேண்டும் என்பதால், சாவகாசமாகக் கண்டுபிடிக்க நேரமும் இருக்காது.

பொழுதுபோக்கு இப்படி வேலைக்கு நேரடியாகக் கைகொடுப்பது அபூர்வம். வாட்டர்கலர் உங்கள் ரிசப்ஷனுக்கு ஒரு விதத்திலும் உதவப்போவதில்லை. ஆனால் இருபது, முப்பது வருடம் ஒரே தொழிலில் இருப்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு. தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு மேலே யாரும் இருக்க மாட்டார்கள். நாளடைவில் அவருக்கும் தன் தப்பு கண்ணில் படாது. உங்கள் மாமா பயப்படுவது இப்படிப்பட்ட ஆளைப் பார்த்துத்தான். அந்த வயதிலும் சம்பளமில்லாத ஒரு காரியத்தில் உட்கார்ந்து, வாராவாரம் சொதப்பி, மறுபடி முயல்கிறவர் இன்னும் மாணவராகவே இருக்கிறார். அனுபவமும் இருந்து இதுவும் இருக்கிற ஆள் சுலபத்தில் கிடைக்க மாட்டார். கிடைத்தால் விடாதீர்கள்.

அதற்காக, வரைகிறேன் என்று சொன்னவுடன் ஆர்டரை நீட்டிவிடவும் வேண்டாம். பயோடேட்டாவில் 'ஓவியம், இசை, வாசிப்பு' என்று எழுத என்ன செலவு? படங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நல்லதைப் பாராட்டிவிட்டு, கெட்டுப்போன ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வாட்டர்கலரில் அழித்துப் போடும் வசதி கிடையாது. ஈரம் காய்வதற்குள் அடுத்த வண்ணத்தை வைத்தால் சேறாகிவிடும். எங்கே அவசரப்பட்டேன், அடுத்த தாளில் என்ன மாற்றினேன் என்று அவர் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தால் என் ஓட்டு அவருக்கே. எல்லாமே நன்றாகத்தான் வந்தது என்றால் அந்த இளைஞரைக் கூப்பிடுங்கள். பழைய இடங்களுக்குப் போன் போட்டு கணக்கு வழக்கு எப்படி என்று கேட்பது தனி, அதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. வேலையில் சேர்ந்த மறுவாரமே, "சார், நம்ம டைனிங் ஹால் சுவரில் ஒரு மலைக் காட்சி வரைந்து கொடுங்களேன்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். முதலாளிகளுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. அது அவருடைய சொந்த வெளி. அவராக வரைந்து தந்தாலும் தனியாகக் காசு கொடுங்கள்.

சம்பளம் இளைஞருக்குக் கொடுப்பதைவிடக் கூடத்தான் கேட்பார், கொடுக்கத்தான் வேண்டும். லீவு விஷயத்தை மட்டும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே சீசனில் அவர் தூரிகையைத் தொட முடியாது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். நவம்பர் மழையில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது சேர்ந்தாற்போல் பத்து நாள் கேட்டால் கொடுத்துவிடுங்கள். சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.