செங்கோட்டைக் கடைத்தெரு எப்போது இளைத்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் செங்கோட்டையில் பிறந்து கொல்லத்தில் வேலை பார்ப்பவன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு காலத்தில் நடக்க இடமிருக்காது என்பார் தாத்தா. 1956-ல் திருவிதாங்கூரை விட்டுப் பிரிந்ததும் தெரு படுத்துவிட்டது என்பது அவர் தீர்ப்பு. அது சரிதானா? தென்காசிச் சாலையில் நிற்கும் வளைவைப் பற்றியும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

தாத்தாவின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யத் துணிகிறேன்.

முதலில் வளைவு. அது ஊருக்குக் கிழக்கே நிற்பதைக் கவனியுங்கள். தென்காசியிலிருந்து வருபவர் அதைத் தாண்டினால் திருவிதாங்கூர். உச்சியில் அந்த அரசின் சங்கு முத்திரை. அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ரூபாய், இந்தப் பக்கம் சக்கரமும் காசும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரம் எத்தனை கணக்குப்பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்ததோ! பிரிட்டிஷ் இந்தியாவுடன் செய்த 1865 ஒப்பந்தத்தால் பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லைத் தீர்வை போய்விட்டது. புகையிலை, உப்பு போன்ற சில மட்டும் தப்பவில்லை.

1956 நவம்பர் 1-ல் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் நகர்ந்தது. வளைவு காவல் காக்க எல்லை இல்லாமல் நின்றது, அவ்வளவுதான். அரிசி, காய்கறி, வைக்கோல் எல்லாம் கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டேதான் இருந்தன. கோடு எங்கே கிழித்தாலும் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர் சாப்பிட்டாக வேண்டுமே.

என் சந்தேகமெல்லாம் ரயிலின் மேல்தான். 1904-ல் கொல்லம் பாதை ஆரியங்காவு மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு வந்தது. 1918-ல் அது திருவனந்தபுரத்தை எட்டியது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் திருவனந்தபுரத்துக்காரர் சென்னைக்கு ரயிலில் போவதென்றால் செங்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். வேறு பாதையே கிடையாது. ஒரு தலைநகரின் ஆளும் சரக்கும் உங்கள் ஊரைத் தொட்டுப் போன காலம் அது. தாத்தா சொல்லும் நெரிசலில் அதற்குப் பெரிய பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1958-ல் கோட்டயம் வழியாக எர்ணாகுளம் இணைந்தது. அப்போதும் அது மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதைதான்; எர்ணாகுளத்துக்கு அப்பால் அகலப் பாதை. எர்ணாகுளத்தில் வண்டி மாற வேண்டிய தொல்லை இருந்தது. 1976-ல் அந்தப் பாதை அகலமானதும் தொல்லை தீர்ந்தது, செங்கோட்டையின் தேவையும் தீர்ந்தது. 2010-ல் மலைப்பாதையையும் அகலப்படுத்த மூடினார்கள். 2018 வரை கணவாயில் ரயிலே இல்லை. இடையில் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகளும் போயின. லாரிக்காரர் அதற்காகக் காத்துக் கிடந்து டீ குடிக்க வேண்டிய அவசியமும் குறைந்தது.

வாஞ்சிநாதனைப் பற்றிக் கேட்காமல் விட்டதற்கு நன்றி. உங்கள் ஊரிலிருந்து வரும் கடிதம் ஒவ்வொன்றும் 1911 மணியாச்சியில்தான் தொடங்கும். ஊருக்குக் கடைகளும் உண்டு என்பதே மறந்துவிடும்.

கடைத்தெருவில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய பேரேடு கிடந்தால் எழுதுங்கள். 1955, 1957, 1977 மூன்று ஆண்டுகளின் வரவை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஆசை.