திருமுழுக்குக்கு எத்தனை மாத ஆயத்தம் தேவை?

கேள்வி: நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள், வயது 34. கத்தோலிக்கரான என் கணவரைப் பதிவு அலுவலகத்தில் மணந்தேன். வருகிற பாஸ்காவிலேயே (ஈஸ்டர்) ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, பெற முடியுமா? தேர்வு வைப்பார்களா? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த என் தோழியும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்புகிறாள். அவளுக்கும் இதே முறைதானா?

பதில்: தேர்வு என்று எதுவும் இல்லை. ஆனால், பங்குத்தந்தையைச் சந்திக்கும் முதல் நாளிலேயே உங்கள் திருமணத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். செபங்களை மனப்பாடம் செய்வதில் காட்டும் அக்கறையைப் பலர் இதில் காட்டுவதில்லை. கணவர் கத்தோலிக்கர் என்பதால், ஆயரின் (மறைமாவட்டத் தலைவரின்) விதிவிலக்குப் பெறாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் நடந்த திருமணத்தைத் திருச்சபைச் சட்டம் செல்லத்தக்கதாக ஏற்பதில்லை. அதை முறைப்படுத்தும் வேலையையும் ஆயத்தத்தோடு சேர்த்தே தொடங்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, எல்லாருக்கும் பொதுவான மாதக் கணக்கு கிடையாது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொண்டபடி 1972-இல் வெளியான, பெரியவர்களைத் திருச்சபையில் சேர்க்கும் சடங்குமுறை, தொடக்கத் திருச்சபையில் இருந்ததைப் போலப் படிப்படியான பயணத்தையே மீட்டுத் தந்தது. முதற்படியில் உங்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து உங்களை ஏற்றுக்கொள்வார்கள். காதுக்கும் கண்ணுக்கும்கூட வரைவதுண்டு. அதன்பின் மறைக்கல்வியும் ஞாயிறு திருப்பலியில் இறைவாக்கைக் கேட்பதும் தொடரும். பாஸ்காவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, வழக்கமாக ஆயர் முன்னிலையில், பெயர் பதிவாகும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் ஆகியோரைப் பற்றிய நற்செய்திகள் வாசிக்கப்பட்டு உங்களுக்காகச் சிறப்பு மன்றாட்டுகள் நடக்கும். எனவே தவக்காலம் நெருங்கும் வேளையில் தொடங்கினால், அடுத்த ஆண்டுப் பாஸ்காவை மனத்தில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்), நற்கருணை மூன்றையும் ஒன்றாகப் பெறுவீர்கள். உங்களுக்குத் திருமுழுக்கு அளிக்கும் குருவே உறுதிப்பூசுதலும் அளிக்கலாம். திருமுழுக்கே எல்லாப் பாவங்களையும் போக்குவதால், அதற்கு முன் நீங்கள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு) செய்ய வேண்டியதில்லை.

தோழிக்கோ பாவசங்கீர்த்தனம் உண்டு. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் பெற்ற அவருடைய திருமுழுக்கு செல்லும், மறுபடி கொடுப்பதில்லை. ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவந்து, தேவையான அளவு கற்று, ஒப்புரவு பெற்று, விசுவாசத்தை அறிக்கையிட்டால் போதும். உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற அவர் பாஸ்கா வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஞானத்தாயாக, 16 வயது நிரம்பி, உறுதிப்பூசுதல் பெற்று, விசுவாச வாழ்வு நடத்தும் கத்தோலிக்கர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கணவர் வீட்டு உறவுக்காரரைவிட, ஞாயிறுதோறும் உங்கள் அருகில் அமரக்கூடியவர் மேல்.