என் பச்சோந்தி பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது, 3 நாளாகச் சாப்பிடவில்லை. கால்சியம் பவுடர் தவறாமல் போடுகிறேன். என்ன குறை?

கால்சியம் பவுடரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். என்ன விளக்கு, அதை மாட்டி எத்தனை மாதம் ஆகிறது, தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் இப்படியேதான் வருகிறது. பவுடர் டப்பா கண்ணுக்குத் தெரிகிறது, புற ஊதாக் கதிர் தெரிவதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. விளக்கு எரியும்போது கண் மூடிக் கிடந்தால் அது சோம்பல் இல்லை, நோய். பலவீனத்தை வெளியே காட்டினால் இரையாகிவிடும் என்பதால், இந்தப் பிராணி தாங்குகிற வரைக்கும் மறைக்கும். தாங்க முடியாதபோதுதான் கண்ணை மூடும். ஆகவே ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் இன்றோ நாளையோ கொண்டுபோங்கள். நான் கீழே எழுதுவது அதற்கு மாற்று இல்லை. மருந்து கொடுத்துச் சரியான பிறகு அதே கூண்டில், அதே விளக்கின் கீழ் விட்டால் நோயும் திரும்பி வந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

புதிதாக வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது வெய்ல்ட் அல்லது பேந்தர் வகை. உங்களுடையதும் அதில் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். ஜாக்சன் வகை என்றால், கீழே வரும் வெப்ப அளவுகளை 2 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். அது குளிர்ந்த மலைக்காட்டுப் பிராணி.

முதல் சந்தேகம் விளக்கின் மேல்தான் விழ வேண்டும். தீனியில் எவ்வளவு கால்சியம் தூவினாலும், குடல் அதை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3யை யுவிபி என்கிற புற ஊதாக் கதிரையும் உடல் சூட்டையும் வைத்துத் தோலிலேயே தயாரித்துக்கொள்கிறது பச்சோந்தி. யுவிபி இல்லாவிட்டால், குறைகிற கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவி எடுக்கும். எம்.பி.டி என்று சொல்கிற எலும்பு நோய் இதுதான். முன்னங்கால் வளையும், தாடை தொய்யும், கிளையைப் பிடித்த பிடி நழுவும். தசைக்கும் கால்சியம் வேண்டுமே, அதனால் நாக்கும் படுத்துவிடும். பூச்சியைக் குறி பார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு ஓர் அங்குலம் வெளியே வந்து அப்படியே நிற்கும். நாலைந்து முறை தவறியபின் முயற்சியையே விட்டுவிடும். பார்ப்பவர்கள் சாப்பிட மறுக்கிறது என்பார்கள். உண்மையில் அதனால் சாப்பிட முடியவில்லை.

கடையில் குட்டியோடு சேர்த்து நம் தலையில் கட்டுகிற சுருள் பல்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் யுவிபி நேர் கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் விழுவதோடு சரி. வேண்டியது டி5 எச்ஓ என்கிற நீளமான மெல்லிய யுவிபி குழல் விளக்கு, 5.0 அல்லது 6% என்று குறித்தது, ரிஃப்ளெக்டர் உள்ள ஃபிக்சரில். அதைக் கூண்டின் மேல்வலை மீது வைத்தால், வெயில் காயும் கிளை குழலிலிருந்து 20 முதல் 23 செ.மீ. கீழே இருக்க வேண்டும். யுவி மீட்டர் இருந்தால் பிராணியின் முதுகு வரும் உயரத்தில் பிடித்துப் பாருங்கள், யுவி இண்டெக்ஸ் 3 காட்டினால் சரி. பல்புதான் எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் தேய்ந்துபோகும். மீட்டர் இல்லையென்றால் டி5 குழலை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றித்தான் ஆக வேண்டும். மாட்டிய தேதியைக் குழலின் ஓரத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் கண்ணாடி இருந்தால் யுவிபி ஏறக்குறைய முழுவதும் அதிலேயே நின்றுவிடும், ஆகவே ஜன்னலோரம் வைத்திருக்கிறேன் என்பதும் கணக்கில் சேராது.

பவுடரிலேயே டி3 இருக்கிறதே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். தோல் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளும், வாய் வழியே போவதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மிஞ்சினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படியும். அதனால் ஒவ்வொரு தீனியிலும் டி3யும் பாஸ்பரஸும் இல்லாத வெறும் கால்சியம், லேசாக. டி3யும் வைட்டமின் ஏயும் உள்ள மல்டிவைட்டமின் மாதம் 2 முறை போதும். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். பீட்டா கரோட்டின் மட்டும் உள்ளதை நம்பி இருக்க முடியாது.

உங்கள் பச்சோந்தியின் கண்ணை இப்போது அருகில் போய்ப் பாருங்கள். கூம்பு வடிவ இமை உள்ளே குழிந்திருந்தால் நீர்ச்சத்துக் குறைவு. உப்பியிருந்தால் வைட்டமின் ஏ குறைவு, தொற்று, அல்லது உள்ளே தூசி. எச்சத்தோடு வரும் யூரேட், அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு, வெள்ளையாக இருந்தால் நல்லது, நுனியில் கொஞ்சம் மஞ்சள் பரவாயில்லை, ஆரஞ்சு நிறத்தில் காய்ந்து வந்தால் தண்ணீர் போதவில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். நின்ற நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். விளக்கு எரிவதற்கு முன் விடியற்காலையில் 2 நிமிடம், இரவு விளக்கு அணைந்தபின் 2 நிமிடம் நுண்துளியாகத் தெளியுங்கள். பகலில் ஒரு 20 நிமிடம் டிரிப்பர், நொடிக்கு ஒரு சொட்டு. நடுவில் இலைகள் நன்றாகக் காய்ந்துவிட வேண்டும். இரவில் ஃபாகர் என்கிற மூடுபனிக் கருவியைப் போடுவது நல்லதுதான், ஆனால் கூண்டு 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் மட்டும். சூடு, ஈரம், அடைசல் மூன்றும் சேர்ந்தால் சுவாசத் தொற்று வரும்: தலையைத் தூக்கி வாய் வழியே மூச்சு, கிளிக் கிளிக்கென்று சத்தம், வாயோரம் நுரை. விளக்கின் கீழ் மட்டும் வாயைத் திறந்தால் அநேகமாகச் சூடு அதிகம். விளக்கு அணைந்தபின்னும் திறந்தே இருந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். கண்ணாடிக் கூண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, கீழும் மேலும் காற்றுப் போக வழியிருந்தால் குளிர்ந்த வறண்ட இடத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். வளர்ந்ததற்கு 60 x 60 x 120 செ.மீ., வலைக் கூண்டு என்பதே பொதுவாகப் பாதுகாப்பான தேர்வு.

வெயில் காயும் கிளையில் ஆணுக்கு 29 முதல் 30 டிகிரி, பெண்ணுக்கு 27. இரவில் எந்த விளக்கும் வேண்டாம், சிவப்பு பல்பும் கூடாது. வெப்ப பல்பைக் கூண்டுக்குள் மாட்டாதீர்கள். வலையில் தலைகீழாகத் தொற்றி ஏறிக் கொண்டையையும் முதுகையும் பொசுக்கிக்கொள்ளும்.

தீனி விஷயத்தில் பெரிய சூட்சுமம் இல்லை. வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 3 முதல் 5 பூச்சி, அதன் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இல்லாமல். பூச்சிக்கு முந்தின நாளே கீரை, காய் கொடுத்து வயிறு நிறைத்திருங்கள். மிஞ்சிய கிரிக்கெட் பூச்சிகளை இரவில் எடுத்துவிடுங்கள், தூங்கும் பிராணியைக் கடிக்கும்.

இன்னொரு வாய்ப்பைப் பலர் யோசிப்பதே இல்லை. வெய்ல்ட் வகையில் பின்னங்கால் குதிகாலில் சின்ன முள் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். பெண் வெய்ல்ட் ஆணே இல்லாமலும் முட்டை போடும். வயிறு உப்பி, தரையில் இறங்கி அலைந்து, சாப்பாட்டை நிறுத்தினால் முட்டை போட இடம் தேடுகிறது. 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு தொட்டி, கழுவிய ஈர மணல். விரலால் குடைந்தால் துளை இடியாமல் நிற்க வேண்டும். கூண்டைத் துணியால் மூடி, எட்டிப் பார்க்காமல் விடுங்கள். ஆனால் உங்களுடையதைப் போல் கண்ணை மூடிவிட்டது என்றால் முட்டை உள்ளேயே சிக்கியிருக்கலாம். அதற்கு நாளை என்பது தாமதம்.

இதைக் கேள்வியோடு சம்பந்தமில்லாமல் சொல்கிறேன், மன்னிக்கவும். கலர் கண்ணாடிகளின் மேல் பச்சோந்தியை நடக்கவிட்டு நிறம் மாறுவதாகக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தே பலர் இதை வாங்குகிறார்கள். பின்னணியைப் பார்த்து அது நிறம் மாற்றுவதில்லை. தோல் செல்களில் உள்ள குவானின் படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015இல் ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்தியில் காட்டினார்கள். மாற்றத்தைத் தூண்டுவது சூடும், பயமும், எதிரியும், இணையும். கையில் எடுத்து விளையாடும்போது கறுத்தால் அது பயத்தில் இருக்கிறது. இதைச் சொன்னால் என்னுடையது கையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். பழகிப் பொறுத்துக்கொள்கிற பிராணிகள் உண்டு, அதை மறுக்கவில்லை. நோயாக இருப்பதைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மருத்துவரிடம் போகும்வரை வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். நீர்ச்சத்து இல்லாத உடலில் தீனி செரிக்காது, தாடையும் உடையலாம். மனிதர்களின் கண் சொட்டு மருந்தும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை 5 நிமிடம் மென்மையாகத் தெளித்தால் கண்ணில் தூசி இருந்தால் தானே உருட்டி வெளியே தள்ளும், குடிக்கவும் செய்யும். புதிய எச்சத்தை மூடிய டப்பாவில் எடுத்துப்போங்கள், குடல் ஒட்டுண்ணி பார்ப்பார்கள். முழுக் கூண்டின் போட்டோ, பவுடர்களின் லேபிள், பல்பின் பெயர், வாங்கிய தேதி எல்லாம் கையில் இருக்கட்டும். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம், எலும்பும் முட்டையும் அதில்தான் தெரியும். கொண்டுபோகும் பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒரு கிளையைப் பொருத்தி, காற்றோட்டம் விட்டு, இருட்டாக மூடி எடுத்துச் செல்லுங்கள்.