வாசகர் கேள்வி – பதில்: நாவலும் திரைப்படமும் வகுப்பறையில்

கேள்வி: மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஒரு நாவலையும் அதைத் தழுவிய திரைப்படத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், மாணவர்கள் "இது நாவலில் உண்டு, படத்தில் இல்லை" என்று பட்டியலிட்டு, "எனவே நாவலே சிறந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். இவர்களை இதிலிருந்து எப்படி மீட்பது?

பதில்: பட்டியலிடுவதில் குற்றமில்லை, அங்கேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். அதற்குப் பாதிக் காரணம் நாம் கேட்கும் கேள்வி. 'வேறுபாடுகளைக் குறிப்பிடுக' என்று கேட்டால் வேறுபாடுகள்தாம் விடையாக வரும். முழு நாவலையும் முழுப் படத்தையும் முதல் நாளே மாணவர் தலையில் ஏற்றாமல், இரண்டு மூன்று வாக்கியங்களிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: "அவன் கடிதத்தை மடித்தான். மறுபடியும் பிரித்தான். அதில் எழுதியிருந்ததை அவன் நம்பவில்லை." முதலிரண்டையும் கேமரா எளிதாக எடுத்துவிடும். மூன்றாவதை எப்படி எடுப்பது? 'நம்பவில்லை' என்பதற்கு உருவம் கிடையாதே! ஒரு மாணவர் அதைப் பின்னணிக் குரலில் சொல்லிவிடலாம் என்பார். இன்னொருவர் நடிகரின் முகத்தைக் குளோசப்பில் காட்டுவார். வேறொருவர், அவன் பெட்டியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து இரண்டின் கையெழுத்தையும் ஒத்துப்பார்ப்பதாகப் புதிய செயல் ஒன்றைச் சேர்ப்பார். மூலத்தில் இல்லாததைச் சேர்த்த அந்த மாணவர், சில வேளை மூலத்தின் பொருளுக்கு மற்றவர்களைவிட நெருங்கி வந்திருப்பார். அதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பிலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அடுத்து, "பல ஆண்டுகளாக அவர் மாலைதோறும் அந்த மரத்தடியில் வந்து உட்கார்வார்" என்ற வாக்கியத்தைக் கொடுங்கள். மொழி ஒரு வினைமுற்றில் பல்லாயிரம் மாலைகளை அடக்கிவிடுகிறது. கேமராவோ ஒரு நேரத்தில் ஒரு மாலையைத்தான் எடுக்க முடியும். மரம் வளர்வதைக் காட்டுவதா, அவருடைய உடையை மாற்றுவதா, மற்றொரு பாத்திரத்தை வாய்திறந்து சொல்லவைப்பதா என்று அவர்கள் வாதிடத் தொடங்கும்போது, 'படத்தில் என்ன இல்லை' என்ற கேள்வி விலகி, 'இதற்கு ஈடாகப் படம் என்ன செய்தது' என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஒப்பீடு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு முழுப் படைப்புக்குப் போகலாம். பூமணியின் 'வெக்கை' (1982) நாவலும் அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' (2019) படமும் இதற்கு நன்கு பொருந்தும். நாவல், பதினைந்து வயதுச் சிதம்பரம் பழிவாங்கும் இடத்திலேயே தொடங்கி, பிறகு காட்டில் தலைமறைவாகத் திரியும் அவனையே பெரும்பாலும் பின்தொடர்கிறது. படமோ தந்தை சிவசாமியின் இளமைக்காலத்தை நீண்ட பின்கதையாக விரித்து, எடையை அவர் பக்கம் சாய்க்கிறது. கோழை என்று மகன் எண்ணியிருந்த தந்தை அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு என்பதைப் பார்வையாளர் மெல்ல உணர்கிறார். ஒரே கதையில் 'யாருடைய கதை' என்பது மாறும்போது நம்முடைய அச்சமும் இரக்கமும் எங்கே இடம்பெயர்கின்றன என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நட்சத்திர நடிகர் ஒருவர் தந்தையாக நடிப்பது இந்தச் சாய்வுக்கு எவ்வளவு காரணம் என்று கேட்கும் மாணவரைத் தடுக்காதீர்கள்; அது இலக்கியத்துக்குப் புறம்பான கேள்வி அன்று.

கேள்வி: முதலில் வாசிக்க வைப்பதா, படத்தைக் காட்டுவதா?

பதில்: கூடுமானவரை வாசிப்பு முதலில். படத்தைப் பார்த்துவிட்ட பிறகு அந்த நடிகரின் முகம் இல்லாமல் பாத்திரத்தை நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் இதை ஒரு விரதமாக்க வேண்டாம். கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோதே மணியத்தின் ஓவியங்கள் உடன் வந்தன; அந்த வாசகர்களும் முகங்களைக் கண்ணால் கண்டபடியேதான் வாசித்தார்கள். வாசிக்கத் தயங்கும் வகுப்பாக இருந்தால், படத்தின் முதல் பத்து நிமிடங்களைக் காட்டி நிறுத்திவிட்டு நாவலின் முதல் அத்தியாயத்தைக் கையில் கொடுங்கள்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' நாவலையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பாகங்களை இரண்டு படங்களுக்குள் அடக்கியது அநீதி என்கிறார்கள் என் மாணவர்கள். நான் என்ன சொல்வது?

பதில்: அநீதியா இல்லையா என்று தீர்ப்பளிப்பதற்கு முன், அந்த நாவல் எப்படி வெளிவந்தது என்பதைச் சொல்லுங்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர் அது. அடுத்த இதழ்வரை வாசகரைக் காத்திருக்க வைப்பது அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த மணிரத்னத்தின் இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லாத பார்வையாளருக்கு அந்தத் திருப்பங்கள் அத்தனையும் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. சுருக்கத்தை விடுங்கள், தொடக்கத்தைப் பாருங்கள்: கல்கி நம்மை ஆடிப்பெருக்கு நாளன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு குதிரையேற்றி அனுப்புகிறார், படம் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தியத்தேவனின் பயணத்துக்கு வருகிறது. முன்னதில் வழிப்போக்கனின் வியப்போடு சோழநாட்டைக் காண்கிறோம். பின்னதில் அரச குடும்பத்தின் கொந்தளிப்பை முன்கூட்டியே அறிந்துகொண்டு பயணிக்கிறோம். இந்த ஒரு மாற்றத்தைப் பற்றி உங்கள் மாணவர்கள் இரண்டு பக்கம் எழுத முடியும். விடுபட்ட காட்சிகளின் பட்டியலைக் கொண்டு அது முடியாது.

கேள்வி: மூலத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்ட படங்களை ஒப்பீட்டுக்கு எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) பெற்றுக்கொண்டது ஒரு வித்து மட்டுமே. இங்கே காட்சிக்குக் காட்சி ஒத்துப்பார்த்தால் எதுவும் தேறாது. எந்த வித்து, ஏன் அது, அது வேறு மண்ணில் என்னவாக முளைத்தது என்றுதான் கேட்க வேண்டும். தேர்ந்த மாணவர்களுக்கு உரிய பயிற்சி இது. முதல் பயிற்சியாக வைக்க வேண்டாம்.

கேள்வி: "படமே சிறந்தது" என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் போடுவது எப்படி? சக ஆசிரியர்கள் அதைத் துடுக்குத்தனம் என்கிறார்கள்.

பதில்: முடிவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். நாவலிலிருந்து ஒரு வாக்கியத்தையாவது மேற்கோள் காட்டியிருக்கிறாரா, படத்திலிருந்து ஒரு காட்சியையாவது ஒளி, ஒலி, ஷாட் எங்கே முடிகிறது என்ற அளவில் விவரித்திருக்கிறாரா, இரண்டையும் ஒரே வாதத்தில் இணைத்திருக்கிறாரா என்று பாருங்கள். "படம் உருக்கமாக இருந்தது" என்பதற்கு மதிப்பெண் இல்லை. "நாவலில் தாய் அழுதாள் என்று இருக்கிறது, படத்தில் அவள் முகத்தைக் காட்டாமல் கதவை மட்டும் காட்டியதால் அழுகையை நாமே கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருந்தால், அவர் எந்தப் பக்கம் நின்றாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.