மனநலம் – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: பதற்ற மாத்திரையைத் தொடங்கும்போதே முடிவையும் கேளுங்கள்

சென்ற இதழில் உறக்கமின்மையைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பதற்றத்துக்காகத் தரப்படும் அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம் ஆகிய மாத்திரைகளைப் பற்றியே இருந்தன. சிலர் அவற்றை விஷம் என்று அஞ்சுகிறார்கள். சிலர் சுக்குக் கஷாயத்தைப் போலக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். பெயரும் முகவரியும் தவிர்த்து, நான்கு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருமங்கலம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி): என் தாயாருக்கு வயது 64. அப்பா தவறிய பிறகு நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் ஏற்பட்டதால், ஒரு மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அம்மா மருத்துவரிடம் போகவில்லை. முதலில் பழைய சீட்டைக் காட்டியும் பின்னர் காட்டாமலும் மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்கிக்கொள்கிறார். சென்ற மாதம் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாத்திரைதான் காரணம் என்று எண்ணி எல்லாவற்றையும் ஒளித்து வைத்தேன். இரண்டாம் நாளே கை நடுக்கமும் வியர்வையும் வந்து, ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் துடித்துப்போனார். பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி நான் என்ன செய்வது?

பதில்: திருப்பிக் கொடுத்தது சரியான செயல். இன்னும் ஓரிரு நாட்கள் கொடுக்காமல் இருந்திருந்தால் வலிப்பு வந்திருக்கக்கூடும். நீண்டகாலம் உட்கொண்ட இவ்வகை மாத்திரையைத் திடீரென நிறுத்துவது, தொடர்ந்து உட்கொள்வதைவிட ஆபத்தானதாகிவிடலாம் என்பதை உங்கள் வீட்டில் அனைவருக்கும் சொல்லிவையுங்கள். ஏனெனில் நாளை உங்கள் அண்ணனோ சித்தியோ நல்லெண்ணத்தோடு இதையே மறுபடியும் செய்யக்கூடும்.

நம் மூளையில் காபா என்னும் வேதிப்பொருள் நரம்பணுக்களின் பரபரப்பை மட்டுப்படுத்துகிறது. இந்த மாத்திரைகள் காபாவின் வேலைக்கு வலுவூட்டுகின்றன. அதனால்தான் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே படபடப்பு அடங்குகிறது. ஆனால் நாள்தோறும் இந்தத் துணை கிடைத்துக்கொண்டே இருந்தால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, தானாக அடக்கும் திறனைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் மருந்தை ஒரே நாளில் விலக்கினால், அடக்குவார் இல்லாத பரபரப்பே மிஞ்சும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், சிலருக்கு மனக்குழப்பம், சிலருக்கு வலிப்பு என்று அது வெளிப்படும். இவற்றில் பல, பழைய பதற்ற நோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், “நோய் திரும்பிவிட்டது, இந்த மாத்திரை இல்லாமல் நான் பிழைக்க மாட்டேன்” என்று நோயாளி உறுதியாக நம்பிவிடுகிறார். உங்கள் தாயாரும் அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார். அவரைப் பிடிவாதக்காரர் என்றோ போதைக்கு அடிமையானவர் என்றோ ஏசாதீர்கள். எழுதிக் கொடுத்தபடி ஒழுங்காக உட்கொண்டவர்களுக்கும் உடல் இவ்வாறு பழகிப்போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 0.5 என்ற எண்ணைப் பார்த்து இது மிகச் சிறிய அளவு என்றே பலரும் நினைக்கிறார்கள். நம் ஊரில் ஒரு தலைமுறையே ‘காம்போஸ்’ என்ற பெயரில் அறிந்திருந்த டயசிபாமோடு ஒப்பிட்டால், 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறத்தாழ 10 மில்லிகிராம் டயசிபாமுக்குச் சமம். உங்கள் தாயார் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் டயசிபாமுக்கு ஈடான மருந்தை மூன்று ஆண்டுகளாக உட்கொண்டு வருகிறார். வயதானவர்களின் உடலிலிருந்து மருந்து வெளியேற அதிக நேரம் பிடிக்கும்; கால் தடுமாற்றம், மறதி, பகலிலும் மந்தம் ஆகியவை அவர்களிடம் கூடுதலாகத் தெரியும். இரவில் எழும்போது விழுந்து எலும்பு முறிவதும் இந்த வயதில் நன்கு அறியப்பட்ட விளைவுதான். எனவே உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, வழிதான் வேறு.

அளவைப் படிப்படியாகக் குறைப்பதே அந்த வழி. மருத்துவரின் மேற்பார்வையில், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது உட்கொள்ளும் அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கழித்துக்கொண்டு போவார்கள். நாளுக்கு 1 மில்லிகிராம் உட்கொள்பவருக்கு 0.25 மாத்திரையில் பாதியை ஒவ்வொரு முறையும் குறைப்பதாக வைத்துக்கொண்டால்கூட எட்டுப் படிகள், அதாவது நான்கு மாதங்கள் ஆகும். உண்மையில் அதற்கும் மேலாகும். ஏனெனில் ஒன்றிலிருந்து அரைக்கால் பங்கு குறைவதை உடல் அவ்வளவாக உணராது, ஆனால் கடைசியில் மிஞ்சும் 0.25-இல் பாதியைக் குறைப்பது, இருப்பதில் சரிபாதியை எடுத்துவிடுவதாகும். இறங்க இறங்கப் படிகளைச் சிறிதாக்கி, இடைவெளியைக் கூட்ட வேண்டும். ஒரு படியில் சிரமம் அதிகமானால் அங்கேயே சில வாரங்கள் நிற்கலாம். உடலில் நெடுநேரம் தங்கும் வேறொரு மாத்திரைக்கு மாற்றி, அதிலிருந்து குறைப்பதும் உண்டு. ஆயினும் டயசிபாம் முதியவர்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், உங்கள் தாயாருக்கு எது பொருந்தும் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். இங்கே நான் எழுதிய கணக்கைக் கத்தரித்து வைத்துக்கொண்டு நீங்களாகக் குறைக்கத் தொடங்காதீர்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கேயோ வேறு எங்கேயோ, அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், மணிக்கட்டு வலி என்று உட்கொள்ளும் மற்ற மாத்திரைகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். எலும்பு முறிவு வலிக்காக டிரமடால் போன்ற மருந்து தரப்பட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிரமடாலைப் போல அபின் இனத்தைச் சேர்ந்த ஓபியாய்டு வகை வலிநிவாரணியும் இந்த மாத்திரையும் ஒன்றுசேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்கு மந்தமாகலாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், இட்ராகொனசோல், கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளும் அல்பிரசோலத்தை உடலிலிருந்து வெளியேறவிடாமல் தடுத்து அதன் அளவைக் கூட்டிவிடும். உண்மையில் எத்தனை மாத்திரை உட்கொள்கிறார் என்பதை அம்மா கூச்சத்தால் குறைத்துச் சொல்வார். அந்த இடத்தில் மட்டும் நீங்கள் குறுக்கிட்டுச் சரியாகச் சொல்லுங்கள். படபடப்புக்குத் தைராய்டு மிகுதியோ இரத்தச் சோகையோ காரணமா என்று மூன்று ஆண்டுகளில் ஒருமுறையாவது பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

மருந்துக்கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்பிரசோலமும் டயசிபாமும் மருந்து விதிகளில் ‘எச் 1’ அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதியின்படி, மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், கொடுத்த மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருக்கும் எச்சரிக்கை அதற்காகத்தான். சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்ததாக நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு எழுதிய மருந்து மூன்று ஆண்டுகள் ஓடியதற்கு, அந்தப் பதிவேட்டில் எழுதாமல் விட்டதும் ஒரு காரணம்.

முதல் முறை எழுதிய மருத்துவரும் நானும் எங்கள் தொழிலைச் சேர்ந்த அனைவரும் செய்ய வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. பதற்றத்துக்கு இம்மாத்திரைகளைப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரைதான் தர வேண்டும் என்பது பல நாடுகளின் வழிகாட்டு நெறிகளில் உள்ளது. இவ்வகையில் முதல் மருந்து 1960-லும் டயசிபாம் 1963-லும் விற்பனைக்கு வந்தபோது, அதற்கு முன்பிருந்த பார்பிச்சுரேட்டுகள் என்னும் பழைய தூக்க மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்பதாலேயே உலகம் முழுவதும் தாராளமாக எழுதப்பட்டன. உடல் பழகிப்போகும் சிக்கல் பின்னர்தான் முழுமையாகப் புரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல்கூட இந்த மாத்திரைகளின் கட்டமிட்ட எச்சரிக்கையில், உடல் இப்படிப் பழகிப்போகும் சார்புநிலையையும் நிறுத்தும்போது வரும் விளைவுகளையும் சேர்த்தது. ஆகவே முதல் சீட்டை எழுதும் நாளிலேயே எப்போது நிறுத்துவது என்பதையும் அதில் எழுதுவதுதான் முறை. மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

கேள்வி (உசிலம்பட்டி, சரக்கு வேன் ஓட்டுநர்): அதிகாலை இரண்டு மணிக்குப் பூ ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போகிறவன் நான். பத்து நாட்களாகக் குளோனசிபாம் 0.5 மாத்திரையை இரவு ஒன்பது மணிக்குப் போடுகிறேன். வண்டி ஓட்டலாமா? எப்போதாவது உடல் அலுப்புக்குக் கொஞ்சம் குடிப்பதுண்டு.

பதில்: ஓட்டக் கூடாது. ஒன்பது மணிக்குப் போட்ட மாத்திரை இரண்டு மணிக்கு உச்ச வேகத்தில் இல்லாவிட்டாலும், அதன் பெரும்பகுதி இரத்தத்தில் அப்படியே இருக்கும். குளோனசிபாமின் அளவு உடலில் பாதியாகக் குறைவதற்கே 30 முதல் 40 மணி நேரம் ஆகிறது. நாள்தோறும் போடுவதால், முந்தைய நாளின் மிச்சமும் சேர்ந்துகொள்கிறது. தூக்கம் வரவில்லை, நான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். குறுக்கே மாடு வரும்போது பிரேக்கை மிதிக்க ஆகும் நேரம் கூடியிருப்பது உங்களுக்கே தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மருந்தின் தாக்கத்தால் கட்டுப்பாடின்றி வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் உங்கள் வேலை நேரத்தைச் சொன்னீர்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. சொல்லியிருந்தால் வேறு மருந்தை யோசித்திருப்பார். இரண்டொரு நாளில் போய்ச் சொல்லுங்கள், அதுவரை சுமை ஏற்றும் வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டு, வண்டியை வேறொருவரிடம் கொடுங்கள்.

குடியைப் பற்றி இவ்வளவுதான்: இந்த மாத்திரை போடும் காலத்தில் ஒரு துளியும் கூடாது. மதுவும் மூளையின் அதே காபா அமைப்பைத் தொடுவதால், இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும் அளவுக்கு மயக்கம் வரலாம். அப்படி யாராவது எழுப்பினாலும் எழாமல், குழறிய பேச்சோடு, மெதுவான மூச்சோடு கிடந்தால் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துப் பார்க்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

கேள்வி (மேலூர், கல்லூரி மாணவி): ஆறு வாரங்களாக ஒரே மாத்திரைதான் போடுகிறேன், இப்போது நன்றாக இருக்கிறேன். “நரம்பு மாத்திரை, பழகிவிடும், விட்டுவிடு” என்று பெரியம்மா சொல்கிறார். அட்டையில் எசிட்டலோபிராம் 10, குளோனசிபாம் 0.5 என்று இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் போடுவது ஒரு மாத்திரையாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு மருந்துகள் இருக்கின்றன, உங்கள் பெரியம்மாவின் கவலை அவற்றில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். குளோனசிபாம்தான் பழகிப்போகும் வகை. எசிட்டலோபிராம் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து, மயக்க மருந்தன்று. அது வேலைசெய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடிப்பதால், அதுவரை தாக்குப்பிடிப்பதற்காகக் குளோனசிபாமைச் சேர்த்துத் தருகிறார்கள். இப்போது எசிட்டலோபிராம் பிடித்துக்கொண்டுவிட்டது என்றே நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. எனவே குளோனசிபாமைக் குறைத்துக் கைவிடும் நேரம் வந்திருக்கலாம். எசிட்டலோபிராமையோ, நலமடைந்த பிறகும் பொதுவாக ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர வேண்டும். இணைப்பு மாத்திரையில் ஒன்றைக் குறைக்காமல் மற்றதைக் குறைக்க முடியாது. நம் நாட்டில் இந்த இணைப்புகள் மிகுதியாக எழுதப்படுவது எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு எளிது, நிறுத்துவதற்கு இடைஞ்சல். இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பதற்றத்தைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சையை எங்கே பெறலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அளவு குறையும் மாதங்களில் அது பெரிய துணை.

கேள்வி (செல்லூர், ஒரு வாசகி): எனக்கு எழுதிய அல்பிரசோலத்தில் பாதியை, பிளஸ் டூ தேர்வுக்கு முந்தின இரவு என் தம்பி மகனுக்குக் கொடுக்கலாமா? பையன் பயத்தில் தூங்குவதே இல்லை.

பதில்: கொடுக்காதீர்கள். புதிதாகப் படித்தது நினைவில் பதிவதை இந்த மாத்திரை கெடுக்கும். மறுநாள் காலையில் மந்தத்தோடு தேர்வெழுத நேரும். இளவயதினர் சிலருக்கு அமைதிக்கு மாறாகக் கிளர்ச்சியும் கோபமும் வருவதுண்டு. வேறு எவரும் நடுக்கத்துக்கென்று, இதயத் துடிப்பைக் குறைக்கும் புரப்ரனோலால் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், அது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். உங்கள் மாத்திரையைப் பையனின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, மாலைக்கு மேல் காபியையும் டீயையும் நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு எழுந்தாலோ, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவி எண்ணான 14416-ல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பையன் தயங்கினால் முதலில் நீங்களே அழைத்துப் பேசிவிட்டு, பிறகு கைபேசியை அவனிடம் கொடுங்கள்.