ஆல்புமின் பொடி: பெயரும் எண்ணும்

கேள்வி: தந்தையின் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு, டெசிலிட்டருக்கு 2.6 கிராம்தான். முட்டை ஆல்புமின் பொடி நேரே இரத்தத்தில் சேரும் என்றார் விற்றவர். இரண்டு மாதமாகியும் ஏறவில்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், தவறு உங்களுடையதன்று. வெள்ளைக்கருவில் அதிகம் இருப்பது ஓவால்புமின் என்ற புரதம்; இரத்தத்தில் ஓடுவது கல்லீரல் தானே செய்துகொள்ளும் வேறொரு புரதம். இரண்டும் நீரில் கரைவதால் ஒரே குடும்பப் பெயர் பெற்றவையே தவிர, குடித்த பொடி குடலில் புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். கல்லீரல் செய்யவில்லையா, சிறுநீரகம் கசியவிடுகிறதா என்பதை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். டப்பா, ரசீது, விளம்பரத் தாள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: கொதிநீரில் கலக்கிய வெள்ளைக்கருப் பொடி கட்டி கட்டியாகிவிட்டது. போலியா?

பதில்: இல்லை, வெந்துவிட்டது. டப்பாவில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டுக் கலக்குங்கள்.

கேள்வி: இரண்டு டப்பாவிலும் புரதம் 80 விழுக்காடு, ஒன்றின் விலை பாதிதான். எதை வாங்குவது?

பதில்: அந்த எண்ணை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள். பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து, புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு என்ற கணக்கில் அதை 6.25 ஆல் பெருக்கித்தான் அந்த எண்ணைப் பெறுகிறார்கள். டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883 இல் வகுத்த அளவுமுறையில் குறையில்லை. ஆனால் நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அது பிரித்தறியாது. கிளைசின் என்ற தனி அமினோ அமிலத்தில் 18.7 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், ஒரு கிராம் கிளைசின் கலந்தால் கணக்கில் 1.17 கிராம் புரதம் ஏறும். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமின் என்ற வேதிப்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்தான். 2008 இல் சீனாவில் நீர் கலந்த பாலில் அதைச் சேர்த்து விற்றதால் எத்தனையோ குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் உண்டானது. ஆறு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகும் இந்த எண்ணையே முகப்பில் பெரிதாக அச்சிட்டு விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் போன்றவை தனியே இருந்தால் விலகுங்கள். உங்கள் டப்பாவின் தொகுதி எண்ணுக்குரிய அமினோ அமிலப் பகுப்பாய்வு அறிக்கையைக் கேளுங்கள்; தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: பொடி பழுப்பேறிவிட்டது. பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளைக்கருவில் சிறிதளவு குளுக்கோஸ் உண்டு. உலர்த்துமுன் அதை நீக்காவிட்டால், அது புரதத்தோடு வினைபுரிந்து நிறமும் மணமும் மாறும், கரைதிறனும் குறையும். மலிவென்று நானும் ஒரு பெரிய பை வாங்கினேன். மூன்றாம் மாதம் பிரித்தபோது கருகிய வாசனை வந்தது. எவ்வளவு கலக்கியும் குவளையின் அடியில் மணல்போல் படிந்தது. ரசீதை வைத்திருக்கவில்லை என்பதால் பணம் திரும்பவில்லை.

கேள்வி: மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. 'தாவரப் புரதம்' என்று மட்டும் எழுதிய பொடி கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நிலக்கடலையில் கடும் ஒவ்வாமையைத் தூண்டுபவற்றுள் முக்கியமானவை அதன் விதை ஆல்புமின்களே. அவை வெப்பத்துக்கும் செரிமானத்துக்கும் எளிதில் சிதைவதில்லை. எந்தத் தாவரம் என்று எழுதாத டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.